முதல் நாள் வறுத்த சிக்கன், மறுநாள் டிபன் பாக்ஸில்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வறுக்கும் சிக்கனில் நாலைந்து துண்டு மிஞ்சினால், திங்கட்கிழமை ஸ்கூலுக்குக் கொடுத்துவிடச் சொல்லி ஏழாவது படிக்கும் என் மகன் அடம் பிடிக்கிறான். காலையில் சூடு பண்ணி வைத்தால், மதியம் நமுத்துப்போய் வாடை வருகிறது என்று திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறான். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து அப்படியே வைக்கலாமா அக்கா? கூடவே கூடாது என்கிறார் என் மாமியார். அதோடு வேறு என்ன வைப்பது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சில்லென்று அப்படியே வைக்கலாம். வெதுவெதுப்பாக வைப்பதுதான் ஆபத்து.

உங்கள் மாமியார் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் மிஞ்சின கறியைச் சுண்டவைத்துத்தான் மறுநாளுக்கு எடுத்துவைப்பார்கள். சமைத்த கறியில் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி மளமளவென்று பெருகும். அந்தச் சூட்டில் கறி 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கணக்கு. திருச்சியில் வருஷத்தில் பாதி நாள் அப்படித்தானே? ஏழு மணிக்குச் சூடு பண்ணி மூடின டப்பா, பன்னிரண்டரை வரை அந்த நடுச் சூட்டிலேயே கிடக்கிறது.

என் பெரியவள் ஐந்தாவது படிக்கும்போது நானும் அப்படித்தான் கட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், மொறுமொறுப்பான மேல்மாவு ஊறித் தோல் மாதிரி கழன்று கிடந்தது. அன்று ராத்திரி அவள் ரெண்டு தடவை வாந்தி எடுத்தாள். சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு, மறுபடி எவ்வளவு சூடு பண்ணினாலும் போகாது என்று டாக்டர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

சரி, எப்படி வைப்பது? ஞாயிறு மதியம் வறுத்ததும் பையனுக்கான துண்டுகளை முதலிலேயே தனியாக எடுத்துவிடுங்கள். எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சினதை வைக்காதீர்கள். தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, ஆவி முழுக்க அடங்கினதும், 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். ராத்திரி எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, டப்பாவோடு உள்ளே வையுங்கள். பாத்திரமும் சேர்ந்து குளிர்ந்துவிடும். இன்னொரு பக்கம், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் முக்கால் அளவு ஊற்றி ஃபிரீசரில் போடுங்கள், ரெண்டு பாட்டில் இருந்தால் இன்னும் நல்லது. காலையில் கிளம்பும்போது மட்டும் டப்பாவை எடுத்து, பாட்டிலோடு ஒட்டினாற்போல் ஒரு டர்க்கி டவலில் சுற்றி, வெளிச்சூடு உள்ளே போகாத லஞ்ச் பேகில் வைத்துவிடுங்கள். மதியம் அந்தத் தண்ணீரையே குடிக்கலாம். ராத்திரி மணிக்கணக்கில் கரண்ட் போயிருந்தால் அன்றைக்குச் சிக்கன் வேண்டாம்.

ருசிக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெயில் வறுத்தால், ஃபிரிட்ஜில் குளிர்ந்ததும் மெழுகு பூசினது போல் வெள்ளையாக உறைந்து நாக்கில் ஒட்டும். கடலை எண்ணெய் அப்படிச் செய்யாது. நெஞ்சுக் கறி ஆறினால் சக்கையாகிவிடும், தொடைக் கறி வாங்குங்கள். மேல்மாவில் கார்ன்ஃப்ளாரோடு ரெண்டு ஸ்பூன் அரிசி மாவு. குளிர்ந்தால் உப்பும் காரமும் மட்டுப்படும் என்பதால் மிளகுத்தூளை ஒரு சிட்டிகை கூடவே போடுங்கள். என்ன செய்தாலும் சுடச்சுட இருக்கும் மொறுமொறுப்பு வராது, அதைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கூட வைப்பதற்குத் தயிர்சாதத்தை மிஞ்ச ஒன்றும் இல்லை. சில்லென்று சாப்பிட நமக்குப் பழக்கமானதும் அதுதான். காலையில் வடித்த சாதத்தை ஆறவைத்து, குளிர்ந்த பாலும் கொஞ்சம் தயிரும் விட்டுப் பிசைந்து அதே பேகில் வையுங்கள். சூடான எலுமிச்சை சாதத்தைப் பக்கத்தில் வைத்தால் சிக்கனும் சூடேறிவிடும். வெள்ளரிக்காயை நீளமாக நறுக்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். அதன் தண்ணீர் மேல்மாவில் படக் கூடாது.

அப்புறம், அசைவம் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லும் ஸ்கூல்களும் உண்டு. கிளாஸ் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சனிக்கிழமை, இதேபோல் பையைக் கட்டிக் காலையிலிருந்து கூடத்தில் வையுங்கள். பன்னிரண்டரைக்கு மாமியாரையே திறந்து தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துண்டு விரலுக்குச் சில்லென்று இருந்தால் திங்கட்கிழமை தைரியமாகக் கொடுத்தனுப்பலாம்.