வூல்ஸ்லி 1500: உரிந்த வெனியரைக் காப்பாற்றலாம்

வணக்கம். உங்கள் வூல்ஸ்லி 1500 காரின் டாஷ்போட்டில் வால்நட் வெனியர் (அடிப்பலகைமேல் ஒட்டிய மெல்லிய மரத்தாள்) கொப்புளித்து, விரலளவு துண்டு தொலைந்துவிட்டதாகவும், கொக்குவிலில் ஒருவர் முழுப் பலகையையும் தேக்கில் புதிதாகச் செய்யச் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதற்கு உடன்படாதீர்கள். இது காப்பாற்றக்கூடிய பலகை.

பற்றரி வயரைக் கழற்றி, மீட்டர் வயர்கள் ஒவ்வொன்றிலும் அடையாளம் ஒட்டிய பின்பே பலகையை வெளியே எடுங்கள். பழைய வார்னிஷை இயந்திரத்தால் தேய்க்கவே வேண்டாம். வெனியர் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புடையது என்பதால் நொடியில் அடிப்பலகை தெரிந்துவிடும். கூரிய தகட்டைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து மர இழையின் போக்கில் மெல்ல வழித்தால், தேன்நிறத் தூளாக வார்னிஷ் மட்டும் உதிரும். கொப்புளத்தை இழையோடு கீறி, ஊசிக்குழாயால் மரப்பசை செலுத்தி, மேலே மெழுகுத்தாளும் தட்டையான பலகையும் வைத்து ஒரு நாள் இறுக்கிவையுங்கள்.

தொலைந்த இடத்துக்கான ஒட்டுத்துண்டைச் சதுரமாக அல்ல, படகு வடிவில் வெட்டுங்கள். இழைக்குக் குறுக்கே ஓடும் நேர்கோட்டைத்தான் கண் உடனே பிடிக்கும். வால்நட் வயதாக ஆக வெளிறும் மரம், ஆகவே புதுத் துண்டை ஸ்பிரிட்டால் நனைத்து நிறம் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். வெனியர் ஒட்டிப் பழகிய ஓடாவியார் ஒருவர் இதை அழகாகச் செய்வார். அரக்குப் பொலிஷ் மட்டும் வேண்டாம். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அது இளகும். புறஊதாக் கதிரைத் தாங்கும் வார்னிஷை மெல்லிய பூச்சுகளாகப் பூசுங்கள்.