பறவைக் கணக்கு சோறு போடுமா? ஏற்காட்டு அப்பாவுக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம். பாப்பா பிளஸ் டூ, பயோ-மேத்ஸ் குரூப், மார்க் நன்றாக வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் நாமக்கல் பக்கம் ஒரு வருஷம் நீட் கோச்சிங்கில் போடச் சொல்கிறார்கள். அவளோ புள்ளியியல் படித்துக் காட்டு உயிர்களின் கணக்கைப் போடுவேன் என்று நிற்கிறாள். இது ஒரு படிப்பா, சோறு போடுமா, பெண்பிள்ளையைக் காட்டுக்குள் எப்படி அனுப்புவது என்பது உங்கள் கேள்வி.

காட்டு பயத்தை முதலில் முடித்துவிடலாம். ஆராய்ச்சிக்காகக் காப்புக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். தனியாக யாரும் போவதில்லை. குழு இருக்கும், பாதை தெரிந்த உள்ளூர் ஆள் கூட இருப்பார். அதோடு, உங்கள் மகள் ஆசைப்படும் வேலையில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் முன்னால் நடப்பது. எஸ்டேட்டில் காட்டுமாடு வந்து நிற்கும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு நாம் இதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

சரி, அது என்ன வேலை? எல்லாருக்கும் தெரிந்த புலிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் கால்தடத்தை வைத்துத்தான் புலியை எண்ணினார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஏட்டில் புலி இருந்தது, 2005 வாக்கில் போய்ப் பார்த்தால் காட்டில் ஒன்றுகூட இல்லை. அதற்கப்புறம் நாடு முழுக்க முறையே மாறியது. இப்போது தானியங்கி கேமராவில் விழும் படங்களில் வரிகளைப் பார்த்து எந்தப் புலி எது என்று பிரிக்கிறார்கள். ஒரே புலி எத்தனை தடவை மறுபடியும் படத்தில் விழுகிறது என்பதை வைத்து, விழாத புலிகள் எத்தனை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 2022 கணக்கெடுப்பில் குறைந்தது 3,167, சராசரி மதிப்பீடு 3,682, மேல்வரம்பு 3,925 என்று அறிவித்தார்கள். ஒரே கேள்விக்கு மூன்று எண் வருகிறதே, இது குழப்பம் என்று நினைக்காதீர்கள். நம் கணக்கு எவ்வளவு தூரம் தப்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் இந்தத் தொழிலின் நேர்மை.

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அவளுடைய நோட்டுப் பக்கங்களைப் பார்த்தேன். "எந்நேரமும் இதையே கிறுக்குகிறாள்" என்று குறையாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. தேதி, நேரம், எஸ்டேட்டில் எந்த பிளாக், செம்மீசைச் சின்னான் எத்தனை, சீகாரப் பூங்குருவி சத்தம் கேட்டதா என்று கட்டம் போட்டிருக்கிறாள். பல வரிகளில் சுழியம். அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் "மூடுபனி, நாலு மரத்துக்கு அப்பால் தெரியவில்லை" என்று இருக்கிறது. ஆலோசகராக எனக்கு அவள் மார்க் ஷீட்டைவிட இந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. பறவை இல்லை என்பது வேறு, இருந்தும் கண்ணில் படவில்லை என்பது வேறு. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அதை அவள் பிரித்து எழுதியிருக்கிறாள்.

இதற்கென்றே ஒரு கணக்கு முறை உண்டு. 2002இல் மெக்கன்சி என்ற புள்ளியியலாளரும் அவர் குழுவினரும் வெளியிட்டது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் வந்த பதிவுகளை வைத்து, அங்கே அந்த உயிர் இருப்பதற்கான நிகழ்தகவையும், இருந்தால் கண்ணில் படுவதற்கான நிகழ்தகவையும் தனித்தனியாகப் பிரித்தெடுப்பார்கள். ஒரு பறவை இருக்கும் இடத்தில் ஒரு தடவை போனால் கண்ணில் படும் வாய்ப்பு 0.4 என்று வையுங்கள். மூன்று தடவை போயும் பார்க்காமல் வருவதற்கு வாய்ப்பு 0.6 × 0.6 × 0.6, அதாவது 0.216. ஐந்தில் ஒரு இடத்தில், பறவை இருந்தும் இல்லை என்று எழுதிவிட்டு வருவோம். பனி மூடிய காலை என்றால் இன்னும் மோசம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சின்னான் எண்ணிக்கை ஒரு பக்கத்தில் 0, 0, 2, 0, 14, 1 என்று இருக்கிறது. சராசரி 3க்குக் கீழே. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் பரவற்படியைப் போட்டுப் பார்த்தால் 30க்கு மேலே போகிறது. எண்ணிக்கைகள் எப்படி அமையும் என்று சொல்லும் சூத்திரங்களில் ஒன்றான பாய்சான் பரவலில் சராசரியும் பரவற்படியும் சமமாக இருக்க வேண்டும். கூட்டமாகத் திரியும் பறவை அந்த விதிக்கு எங்கே கட்டுப்படும்? இந்த மாதிரி இடத்தில் சிதறல் அதிகமாக இருக்கவும் இடம் தரும் நெகட்டிவ் பைனாமியல் போன்ற வேறு பரவலைப் பொருத்திப் பார்ப்பார்கள். எதைப் பொருத்துவது, ஏன் என்று முடிவெடுப்பதுதான் மாடலிங். பட்டனைத் தட்டினால் விடை எதுவோ ஒன்று வந்துவிடும், அது சிரமமே இல்லை.

அதில் ஒரு நுட்பம் உங்களுக்குச் சட்டென்று புரியும், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருப்பதால். ஒரே பிளாக்கில் காப்பிப் பழம் பறித்த பத்துப் பேரின் எடையைப் பார்த்து, எஸ்டேட் முழுக்க இந்த வருஷம் விளைச்சல் இப்படித்தான் என்று முதலாளியிடம் சொல்வீர்களா? மாட்டீர்கள். அந்த பிளாக்கின் செடி, நிழல், மண் எல்லாம் பத்து எடையிலும் சேர்ந்தே இருக்கிறது. பார்வைக்குப் பத்து எண், உள்ளே ஏறக்குறைய ஒரே சேதி. பாப்பாவும் பாதி நாள் வீட்டுப் பக்கத்து பிளாக்கிலேயே எண்ணியிருக்கிறாள். சூழலியல் தரவு பெரும்பாலும் இப்படித்தான் கொத்துக் கொத்தாக வரும். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் முறைக்கு மிக்ஸ்டு மாடல் என்று பெயர். இது தெரியாமல் போட்ட கணக்கு, இல்லாத உறுதியைக் காட்டிவிடும்.

இனி சோற்றுக் கதைக்கு வருகிறேன். காடு, பறவை, பூச்சி என்று ஆசைப்பட்டு விலங்கியலும் தாவரவியலும் படிக்கிற பிள்ளைகள் நிறைய. அவர்களில் பலர் புள்ளியியல் என்றதும் பின்வாங்குகிறார்கள். ஆகவே இந்தத் துறையில் தரவை ஒழுங்காக ஆராயத் தெரிந்த ஆளுக்குத்தான் தட்டுப்பாடு. இதனால் என் யோசனை: இளங்கலையில் பி.எஸ்சி. புள்ளியியல், முதுகலையில் சூழலியல் பக்கம் திரும்பட்டும். விலங்கியல் படித்துவிட்டு அப்புறம் கணக்கைக் கற்றவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அது சுற்று வழி. இதில் ஒரு சிக்கலையும் மறைக்க மாட்டேன். வனஉயிரியல் எம்.எஸ்சி. சில இடங்களில் உயிரியல் பட்டம்தான் கேட்பார்கள். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.) நடத்தும் வனஉயிரியல் எம்.எஸ்சி.க்கு எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. ஊட்டி அரசு கலைக் கல்லூரி, மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, டேராடூன் இந்திய வனஉயிரின நிறுவனம் ஆகியவற்றிலும் இந்தப் படிப்பு உண்டு. அவற்றின் தகுதி விதிகளை இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள், மூன்று வருஷம் கழித்து அல்ல.

புள்ளியியலுக்கு உச்சம் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம். 1931இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் தொடங்கியது, இன்னொரு பெரிய அறிஞரான சி.ஆர். ராவ் பல காலம் இருந்த இடம். அதன் பி.ஸ்டாட் என்ற இளங்கலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு முழுக்கக் கணிதம், நன்றாகவே கடினம். முயற்சி செய்யட்டும், கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, கிறித்தவக் கல்லூரி இருக்கின்றன. பட்டம் முடித்தபின் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் எம்.எஸ்சி. பக்கத்திலேயே உண்டு. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் நிம்மதியாகத் தூங்குவதற்கு ஒரு விஷயம். புள்ளியியல் பட்டம் காட்டோடு முடிவதில்லை. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு அது நேரடித் தகுதி. இந்திய வனப் பணித் தேர்வுக்கான பாடங்களின் பட்டியலிலும் விலங்கியல், தாவரவியலோடு புள்ளியியலும் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. மருந்துப் பரிசோதனை, இன்சூரன்ஸ், வங்கி எல்லாவற்றிலும் இதே கணக்குதான், ஆட்கள் மட்டும் வேறு. மனம் மாறினாலும் பிள்ளை நடுத்தெருவில் நிற்காது.

ஆராய்ச்சிப் பக்கமே போனால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் (நீட் அல்ல) ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஆனால் பி.எச்டி. முடிக்க ஐந்து வருஷமாவது ஆகும். இடையில் கிடைக்கும் வேலைகள் பெரும்பாலும் ஓரிரண்டு வருஷப் புராஜெக்ட் வேலைகள். பணம் தாமதமாக வருவதும் சகஜம். சுரங்கம், சாலை போன்றவற்றுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்கும் கம்பெனிகளிலும் வேலை உண்டு. மேக்னசைட்டும் பாக்சைட்டும் வெட்டிய மாவட்டம் நம்முடையது, இந்த அறிக்கைகளின் கனம் நமக்குத் தெரியும். அங்கே கேட்டவர் விரும்பும் விடைக்கு எண்ணை வளைக்கச் சொல்லும் இடமும் உண்டு என்பதால், எந்தக் கம்பெனி என்று விசாரித்துத்தான் போக வேண்டும்.

நீட் விஷயம் சுருக்கமாக: அவளுக்கே விருப்பமில்லாமல் ஒரு வருஷத்தையும் லட்சங்களையும் கோச்சிங்கில் கொட்டாதீர்கள். விருப்பம் உள்ள பிள்ளைகளே அங்கே திணறுகிறார்கள்.

பரீட்சை முடிந்த லீவில் ஆர் என்ற மென்பொருளைப் பழகட்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இஹாகாவும் ஜென்டில்மேனும் 1990களில் உருவாக்கியது. இலவசம், சாதாரண லேப்டாப்பே போதும். ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகளும் காசில்லாமல் பார்க்கலாம். தன் நோட்டிலிருக்கும் எண்களை அவளே அதில் ஏற்றி ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தால், இந்த வேலை தனக்குப் பிடிக்கிறதா என்று ஒரு மாதத்தில் அவளுக்கே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் அப்போதும் காலம் கடந்துவிடவில்லை.

அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம் ஆன்லைனில்தான், ரிசல்ட் சமயத்தில் அறிவிப்பு வரும். கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் கேன்டீனையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கம்ப்யூட்டர் லேபில் ஆர் சொல்லித் தருகிறார்களா, கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் உண்டா, அதில் நிஜமான தரவைக் கொடுக்கிறார்களா என்று துறைத் தலைவரிடமே கேளுங்கள். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவளே கேட்கட்டும்.