ஈஸ்டர் தீவின் பலகைகள்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

பசிபிக் கடலிலுள்ள ஈஸ்டர் தீவின், ரொங்கொரொங்கோ என்ற எழுத்து செதுக்கிய மரப்பலகைகளின் பழைய புகைப்படங்களைப் பார்த்தேன். ஒரு வரி விட்டு ஒரு வரி தலைகீழாக இருக்கிறது, அச்சிட்டவர்களின் பிழையா? இது சிந்துவெளி எழுத்தின் உறவு என்கிறார்களே, படங்களை அருகருகே வைத்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ச., விழுப்புரம்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

படத்தில் பிழையில்லை. இடது கீழ்மூலையில் தொடங்கி, ஒரு வரி முடிந்ததும் பலகையையே 180 பாகை திருப்பி அடுத்ததைப் படிக்கும்படிதான் அவை செதுக்கப்பட்டுள்ளன. எரிமலைக் கண்ணாடிச் சில்லால் மெல்லக் கீறி, பின் சுறாப்பல்லால் ஆழப்படுத்திய குறிகள் அவை. நேர்வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கீறலும் வெட்டும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகிவிடும். ஆனாலும் படங்களைத் தள்ளிவிட முடியாது. 'கெய்ட்டி' என்ற பலகை 1914இல் பெல்ஜியத்தின் லூவன் நூலகத்தோடு எரிந்துபோனது. இன்று அதற்குப் புகைப்படங்களும் வார்ப்புகளுமே சாட்சி.

இப்படங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்ட கதையும் உண்டு. 1886இல் அமெரிக்கக் கப்பல் அதிகாரி வில்லியம் தாம்சன், ஊரே வாயே இக்கோ என்ற முதியவரிடம், தஹீத்தி ஆயர் ஜோசென் சேர்த்துவைத்திருந்த பலகைகளின் படங்களைக் காட்டினார். கிறித்தவ மதத் தடைக்கு அஞ்சிப் பலகையைத் தொட மறுத்திருந்த அவர், படத்தைக் கண்டதும் தடையின்றி ஓதத் தொடங்கினார்; நடுவில் வேறொரு பலகையின் படத்தை மாற்றி வைத்தபோதும் அதே கதை தொடர்ந்தது. அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன், மனப்பாடமாக வைத்திருந்த பாடல்களைத் தந்திருக்கலாம். ஆனால் அதை வாசிப்பு என்று கொள்ள வழியில்லை. 1862 முதல் பெருவின் அடிமை வேட்டையும், அதைத் தொடர்ந்து பரவிய பெரியம்மையும் படிக்கத் தெரிந்தவர்களைக் கொண்டுபோய்விட்டன.

சிந்துவெளி ஒப்பீடு 1932இல் ஹங்கேரியரான ஹெவெசி முன்வைத்தது. தீவுக்கே சென்று ஆய்வு செய்த ஆல்ஃபிரட் மெத்ரோ, அந்த ஒப்பீட்டுப் பட்டியலில் ஒற்றுமை கூடித் தெரியும்படி சில குறிகள் மாற்றி வரையப்பட்டிருந்ததைச் சுட்டினார். இடையே மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளியும் பாதி உலகத் தொலைவும் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான எளிய உருவங்கள் உள்ள எந்த இரண்டு எழுத்துமுறையிலும் மனிதனும் மீனும் ஒத்துப்போகத்தான் செய்யும்.

இதுவரை பொருள் ஓரளவு தெளிந்திருப்பது, பூவரசு மரத்தில் செய்த 'மாமாரி' பலகையில் உள்ள நிலவு நாட்காட்டி ஒன்றுதான். அதைக் கண்டறிந்த ஜெர்மன் ஆய்வாளர் தாமஸ் பார்த்தெல், திரும்பத் திரும்ப வரும் பிறைக்குறிகளின் வரிசையை ஈஸ்டர் தீவின் பூர்வகுடிகளான ராப்பா நூயி மக்களின் திங்கள் இரவுப் பெயர்களோடு பொருத்திப் பார்த்தார். வடிவ ஒற்றுமையைத் தேடி அவர் வேறெந்த நாட்டுக்கும் போகவில்லை.