ஜப்பான் போகும்போது ஒன்சென் என்கிற வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் போகலாமா? உடையில்லாமல் குளிக்கக் கூச்சமாக இருக்காதா?

தாராளமாகப் போகலாம். கூச்சம் இருக்கும், ஆனால் உடை மாற்றும் இடத்தோடு சரி. ஆண்கள், பெண்கள் தனித்தனிதான். பெரும்பாலும் வாசலில் நீலத் திரை ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. நீங்களும் என்னைப் போலக் குடும்பத்தோடு, பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நாங்கள் போனது குன்மா மாகாணத்தில் இருக்கும் குசாட்சு. ஊர் நடுவில் யுபதாகே என்று பெரிய ஊற்று, ஆவி பறக்கும் தண்ணீரை நீளமான மரக் கால்வாய்களில் ஓடவிட்டு ஆற வைக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கந்தக வாடை. பச்சைத் தண்ணீர் கலந்தால் ஊற்று நீரின் குணம் குறைந்துவிடும் என்று, பலகையால் துழாவியே சூட்டைத் தணிக்கும் பழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது, அதைப் பாட்டோடு செய்து காட்டுகிறார்கள்.

பக்கத்திலேயே ஷிராஹதா நோ யூ, காசு வாங்காத பொதுக் குளியல். என் மாமியார் வாசலிலேயே நின்றுவிடுவார் என்றுதான் நினைத்தேன். "எல்லாரும் பொம்பளைங்கதானே, வா"ன்னு எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டார்! நான்தான் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளி நகை கருத்துவிடும், கழற்றிவிடுங்கள் அத்தை என்றால், மெட்டியை மட்டும் கழற்றமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கரியாகக் கருத்துப்போனது. அறைக்கு வந்து விபூதி போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஓரளவு வெளுக்க வைத்தார். முட்டிவலி தீர்ந்ததா என்று கேட்காதீர்கள், நான் அப்படியெல்லாம் சொல்லவில்லை. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார், அவ்வளவுதான்.

"இதெல்லாம் நம்ம கலாச்சாரமா" என்று கேட்கக் கிளம்புகிறவர்களுக்கு: ஊருக்கு வந்தபின் இதே கேள்வியைக் கேட்ட சொந்தக்காரர்களுக்கு என் மாமியாரே பதில் சொல்லிவிட்டார், அதை இங்கே எழுத முடியாது.

முக்கியமான விஷயம், தொட்டியில் இறங்கும் முன் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுசாகக் குளித்துவிட வேண்டும். ஷிராஹதா மாதிரி ஷவர் இல்லாத இடங்களில் வாளியில் மொண்டு உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டால் போதும், அங்கே சோப்பு கூடாது. தலைமுடியைத் தூக்கிக் கட்டுங்கள். சின்னத் துண்டு தண்ணீரில் படக்கூடாது, தலைமேல் வைத்துக்கொள்ளலாம். இதைப் பார்த்துவிட்டு வந்தபிறகு எங்கள் குடியிருப்பு நீச்சல் குளத்தில் இறங்கவே மனசு வரவில்லை. வியர்வையோடு, தலையில் எண்ணெயோடு அப்படியே குதிக்கிறார்கள், கேட்டால் "குளோரின் போட்டிருக்கோமே மேடம்" என்கிறார் செயலாளர். மாதாமாதம் பராமரிப்புப் பணம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரைக் கேளுங்கள், குடித்துவிட்டு இறங்காதீர்கள். கூச்சம் விடவே இல்லை என்றால் பல விடுதிகளில் குடும்பத்துக்கு மட்டும் தனித்தொட்டி வாடகைக்குக் கிடைக்கும். பச்சை குத்தியிருந்தால் நிறைய இடங்களில் விடமாட்டார்கள். அப்படியானால் கினோசாகி என்கிற ஒன்சென் ஊருக்குப் போங்கள், அங்கே பொதுக் குளியல்களில் அந்தத் தடை கிடையாது.