இந்த வயதில் கல்வெட்டு எதற்கு?

கேள்வி: எனக்கு 41 வயது. தனியார் கம்பனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. சின்ன வயதிலிருந்தே கல்வெட்டு, பழைய எழுத்து என்றால் எனக்கு ஓர் ஆசை. இந்தப் புது வருடத்திலாவது அதைப் படிக்கத் தொடங்கலாம் என்று வீட்டில் சொன்னேன். "உந்தக் கல்லுகளைப் படிச்சு என்ன பிரயோசனம்? பாதியில விட்ட சீமா கணக்கியல் சோதனையை முடியுங்கோவன்" என்கிறார் மனைவி. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆசைக்கும் தீனியாக, தொழிலுக்கும் பிரயோசனமாக, சான்றிதழும் கிடைக்கிற மாதிரி ஒரு பாடநெறி சொல்வீர்களா? தரம் 4 படிக்கும் மகளுக்கும் அது முன்மாதிரியாக இருக்க வேண்டும்.
— வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: அப்படி ஒரு பாடநெறி இருந்தாலும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். கோபிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் பாதியை எழுதியவர் ஒருவர், மற்றப் பாதியை எழுதியவர் இன்னொருவர் போல இருக்கிறது. முதலாமவருக்கு என்ன படிக்க வேண்டும் என்று நன்றாகவே தெரியும். இரண்டாமவர் அதற்கு அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறார். நான் முதலாமவருடன் பேசுகிறேன்.

உங்கள் மனைவி கேட்டதை முதலில் பார்த்துவிடுவோம். அவர் கேட்டதில் பிழை இல்லை. 2022இல் காஸுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்ற ஊர் இது. சம்பளம் நின்ற இடத்தில் நிற்க, அரிசி விலை ஏறியதைக் கண்ட எந்தக் குடும்பமும் "இதால என்ன வரும்?" என்றுதான் கேட்கும். சீமாவை முடிக்க முடியுமென்றால் முடியுங்கள். அது வேலை, அதற்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். ஆனால் அதையும் கல்வெட்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தரும்படி கேட்காதீர்கள். கட்டினால் வழியில் விழுந்து தொலைவது கல்வெட்டாகத்தான் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் பிடித்துக் கொள்ளுப்பிட்டியில் இறங்கினால், அங்கிருந்து ஓட்டோவில் கொஞ்சத் தூரம்தான் தேசிய நூதனசாலை. அதுவே 1877ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி, ஒரு புது வருடப் பிறப்பன்று தொடங்கியதுதான். உள்ளே காலி மும்மொழிக் கல்வெட்டு என்று ஒரு கல் இருக்கிறது. பார்த்திருக்கிறீர்களா? கல்வெட்டில் ஆசை என்று எழுதிய நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

கிட்டப் போய்ப் பாருங்கள். நாலே முக்கால் அடி உயரம், இரண்டரை அடி அகலம். தலைப்பில் இரண்டு டிராகன்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். வலப்பக்கம் முழுக்கச் சீனம். இடப்பக்கம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம். பாரசீகப் பகுதி நன்றாகத் தேய்ந்துவிட்டது. சீனப் பேரரசரின் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் இது. அதில் உள்ள ஆண்டு 1409. காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்ததை 1911இல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரைக்கும் அதன் மேலே எத்தனை மாட்டுவண்டிகள் போயிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் உங்களுக்கு நான் சொல்ல விரும்பிய சங்கதி. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரை, அதாவது தேவேந்திரமுனையில் இருந்த திருமால் கோயிலின் தெய்வத்தைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வை. போற்றுதல் முடிந்ததும் மூன்றிலும் காணிக்கைப் பட்டியல் வருகிறது: பொன் 1000, வெள்ளி 5000, பட்டுச் சுருள்கள், வாசனை எண்ணெய், இன்னும் என்னென்னவோ. மூன்று மொழியிலும் ஏறக்குறைய அதே பொருள்கள். உங்கள் தொழில் கணக்கு. உங்கள் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில், 600 வருடத்துக்கு முந்திய ஒரு கணக்குப் பட்டியல், அதன் மூன்று பகுதிகளில் ஒன்று உங்கள் தாய்மொழி எழுத்தில், கண்ணாடி போட்டால் வாசிக்கக்கூடிய உயரத்தில் நிற்கிறது.

வாசிக்கக்கூடிய என்றேன். முதல் நாளே வாசிக்க வராது, அது எனக்குத் தெரியும். ப, ட, ம போன்ற சில எழுத்துகள் இன்றைய வடிவத்துக்குக் கிட்ட இருக்கும், அவை முதலில் பிடிபடும். பிறகுதான் சிக்கல். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வித்தியாசம் காட்ட மாட்டார்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்ற பிரிவெல்லாம் வீரமாமுனிவர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பிற்காலச் சங்கதி. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. ஆகவே "பொன்" என்ற சொல் அப்படியான ஒரு கல்லில் "பொன" என்றுதான் நிற்கும். அது பொன்னா, போனவையா? காலும் ரகரமும் ஒரே மாதிரித் தெரியும் என்பதால் "பெரன" என்றுகூட ஒரு கணம் தடுமாறலாம். எப்படித் தீர்ப்பது? பக்கத்தில் ஒரு தொகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொகை இருந்தால் அது பொன். இந்த இடத்தில் தமிழ் படித்த பண்டிதரைவிடக் கணக்கு எழுதிப் பழகிய உங்கள் கண் முந்திக்கொள்ளக்கூடும்.

தொகை என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய முறையில் பத்துக்கு ஒரு குறி, நூறுக்கு ஒரு குறி, ஆயிரத்துக்கு ஒரு குறி இருந்தன. ஐயாயிரத்தை ௫௲ என்று எழுதுவார்கள், ஐந்தும் பக்கத்தில் ஆயிரமும். பூச்சியம் அடுக்கும் வேலை இல்லை. பின்னங்களுக்கும் பெயர் உண்டு: இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. ஒரு காணியில் நான்கு முந்திரி, ஒரு மாவில் நான்கு காணி. வேலைக்குப் போகும் வழியில், ரயில் ஜன்னலோரம் இருந்து, அன்றைய சில்லறைக் கணக்கை மாவிலும் காணியிலும் போட்டுப் பாருங்கள். இது எதற்கும் உதவாது. நான் செய்து பார்த்திருக்கிறேன், அவ்வளவு சந்தோஷம்.

கல்லுக்கு முன் பத்து நிமிடம் நின்றால் கேள்விகள் தானாக வரும். சீனப் பேரரசர் தெற்கிலங்கைக்கு அனுப்பிய கல்லில் தமிழ் எதற்கு? அந்தக் காலத்தில் இந்தக் கடல் வழி வியாபாரத்தில் தமிழ் புழங்கியது என்பார்கள். சரி, கல் சீனாவிலேயே வெட்டப்பட்டதாகக் கருதப்படுகிறதே, அங்கே தமிழ் எழுதிக் கொடுத்தவர் யார்? அதைத் தேடிப் போனால் சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் 1281இல் தமிழில் ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறார்கள், அங்கே ஒரு சிவன் கோயில் இருந்தது என்று தெரியவரும். அங்கே போன வணிகர்கள் யார்? இப்படி ஒன்று இன்னொன்றைப் பிடித்து இழுக்கும். நமது கல்லின் தமிழ்ப் பகுதியைப் படித்து ஆய்வுலகுக்குத் தந்தவர் சேனரத் பரணவிதான என்ற சிங்கள அறிஞர் என்பதையும் தெரிந்துகொள்வீர்கள். ஒரு சிங்களவர் உட்கார்ந்து அந்தத் தமிழை எழுத்து எழுத்தாக வாசித்திருக்கிறார். நம்மில் எத்தனை பேர் அதைப் போய்ப் பார்த்திருக்கிறோம் என்பது எனக்கு வருத்தமான கேள்வி.

சுவாமி விபுலானந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். காரைதீவில் பிறந்தவர், லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்பித்தவர். யாழ் என்ற கருவி வழக்கொழிந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அதை வாசிக்க ஆளில்லை, செய்ய ஆளில்லை. சிலப்பதிகாரத்தில் இருக்கும் வரிகளையும் உரையையும் வைத்துக்கொண்டு அதன் நரம்புகளையும் சுரங்களையும் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கப் பல வருடம் உழைத்தார். 1947 ஜூன் மாதம் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் காலமானார். அந்த உழைப்புக்குப் பதவி உயர்வு என்ற ஒன்று இருந்திருக்கவே முடியாது.

இந்த இடத்தில், "இப்படிப் படித்தால் மூளை கூர்மையாகும், அது தொழிலுக்கும் ஒருநாள் உதவும்" என்று எழுதி உங்கள் மனைவியைச் சமாதானப்படுத்தலாம். எழுத மாட்டேன். எழுதினால் நானும் பிரயோசனக் கணக்கைத்தான் வேறு பேரேட்டில் எழுதியவனாவேன். அவரிடம் நேராகச் சொல்லுங்கள்: "எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது." அவ்வளவு போதும். ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணித்தியாலம் கேளுங்கள். கிரிக்கெட் மட்ச் பார்க்க இதைவிடக் கூட நேரம் ஒரு காரணமும் சொல்லாமல் எடுத்திருப்பீர்கள்.

சான்றிதழைப் பற்றி ஒன்றே ஒன்று. முதல் ஆறு மாதத்துக்கு நீங்கள் கல்வெட்டுப் படிப்பது வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. முகநூலில் படம் போட வேண்டாம். அப்படி இருந்தும் ஞாயிறு காலையில் கால் தானாக நூதனசாலைப் பக்கம் போகிறதா என்று பாருங்கள். போனால் அதற்குப் பிறகு முறையான வகுப்பு எங்கே என்று தேடலாம், நானும் உதவுகிறேன்.

மகளுக்கு வருகிறேன். அடுத்த வருடம் அவளுக்குப் புலமைப்பரிசில் சோதனை. இனி அவள் தொடும் கொப்பி ஒவ்வொன்றிலும் மாதிரி வினாத்தாள்தான் இருக்கும், அதை நீங்களோ நானோ தடுக்க முடியாது. ஆனால் தனக்குத் தெரியாத ஒன்றின் முன்னால் அப்பா முழங்கால் மடித்து உட்கார்ந்து, "இது என்ன எழுத்தென்று எனக்குத் தெரியேல்லையே பிள்ளை" என்று சொல்வதை அவள் எங்கே பார்ப்பாள்? வீட்டில் அவள் கேட்கும் எல்லாவற்றுக்கும் உங்களிடம் பதில் இருக்கிறது, அல்லது இருப்பதாகக் காட்டிக்கொள்கிறீர்கள். அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். போனில் படம் எடுக்காமல், கோடில்லாத கொப்பியும் பென்சிலும் கொடுத்து, தமிழ்ப் பகுதியின் முதல் இரண்டு வரியைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். நீங்களும் வேறாக வரையுங்கள். பெரியவர்கள் எழுத்தை ஊகித்து, தெரிந்த வடிவத்துக்குத் திருத்தி வரைவார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை இருப்பதை இருந்தபடி வரையும். கல்வெட்டைப் படியெடுக்க அந்தக் கண்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்து இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மேலே ஏதாவது வாசிக்க வேண்டுமென்றால் உங்கள் வெள்ளவத்தையிலேயே தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, இணையத்தில் "நூலகம்" (noolaham.org) என்ற தளம் இருக்கிறது. ஆனால் முதல் மூன்று ஞாயிறும் புத்தகம் தொடாதீர்கள். கல்லை மட்டும் பாருங்கள்.

மாசி மாதம் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். எத்தனை எழுத்துப் பிடிபட்டது, எந்த எழுத்தில் நீங்களும் மகளும் சண்டை பிடித்தீர்கள் என்று எழுதுங்கள். முடிந்தால் அவள் வரைந்த தாளின் பிரதி ஒன்றும் சேர்த்து.