பெங்களூரில் பழைய ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட் 350 வாங்கலாமா? மாதம் ஒருமுறை ஊருக்கு ஓட்டிப் போகத் தாங்குமா?

தாராளமாக வாங்கலாம். நீங்கள் கேட்டிருப்பது 2013–2016 வண்டி. வாரநாளில் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் மாதம் ஒருமுறை சேலத்துக்கும் ஓட வேண்டும் என்கிறீர்கள். 2012-இல் புதுப்பித்து வந்த தண்டர்பேர்ட் இந்த வேலைக்கென்றே செய்தது போன்றது. 346 சிசி, 20 பிஎச்பிக்குக் கொஞ்சம் குறைவு, 28 நியூட்டன் மீட்டர் டார்க், 20 லிட்டர் டேங்க். 2020-இல் நிறுத்திவிட்டார்கள், அதன் இடத்தில் மீட்டியோர் வந்தது. எஞ்சின் அதே காலத்து கிளாசிக் 350-இல் இருந்த யூசிஇ (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் வகை) என்பதால் உள்பாகங்களுக்குப் பஞ்சமில்லை, உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் கேட்டாலே கிடைக்கும். டேங்க், மீட்டர், ஹெட்லைட் போன்ற இந்த மாடலுக்கே உரிய பாகங்கள்தான் அலைய வைக்கும். அதனால் அவை உடையாமல் இருக்கிற வண்டியாகப் பாருங்கள்.

வாங்க வருகிறவர்கள் எல்லோரும் எஞ்சினைத்தான் காது வைத்துக் கேட்கிறார்கள். ஆனால் பத்து வயதான தண்டர்பேர்டை ரோட்டோரம் நிறுத்துவது பெரும்பாலும் எஞ்சின் இல்லை. பேட்டரி, வயர், ரப்பர், கேபிள் இந்த நான்கும்தான். பார்வையையும் பணத்தையும் முதலில் அங்கே போடுங்கள்.

வண்டியைக் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். செல்ஃப் அழுத்தும்போது கவனியுங்கள். மோட்டார் மட்டும் 'கிர்ர்' என்று சும்மா சுற்றி எஞ்சின் திரும்பாமல் இருந்தாலோ, 'டக்' என்று உலோகம் உதைக்கும் சத்தம் வந்தாலோ ஸ்ப்ராக் கிளட்ச் (செல்ஃப் மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கடத்தும் ஒருவழிக் கிளட்ச்) போய்க்கொண்டிருக்கிறது. இந்த எஞ்சினின் பேர்போன பலவீனம் அது. காரணம் பெரும்பாலும் பேட்டரிதான். பேட்டரி இளைத்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் தீப்பொறி விழுந்து பின்னால் உதைக்கும். அந்த உதை முழுவதையும் வாங்குவது ஸ்ப்ராக்கின் உருளைகள். கவரைக் கழற்றிச் செய்ய வேண்டிய வேலை, செலவும் சின்னதில்லை. பேட்டரி இளைத்தது தெரிந்தால் செல்ஃபைத் தொடாமல் கிக்கரை உதையுங்கள். கிக்கர் இருப்பதே இதற்குத்தான்.

பேட்டரி 12 வோல்ட், 14 ஏஎச். ஒரு மல்டிமீட்டர் கையில் இருக்கட்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு ஆயுள் முடிந்தது. எஞ்சின் ஓடி லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது 14-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 13-ஐயே தாண்டவில்லை என்றால் பழுது ரெகுலேட்டரிலோ, மின்சாரம் உண்டாக்கும் காயிலிலோ இருக்கிறது. புது பேட்டரி போட்டாலும் சில நாளில் இறக்கிவிடும்.

அடுத்து வயரிங். பழைய ஓனர் ஃபாக் லைட், யூஎஸ்பி சார்ஜர், ஏர் ஹாரன் என்று மாட்டியிருப்பார். ரிலேயும் தனி ஃப்யூஸும் இருக்கிறதா, அல்லது ஒரிஜினல் வயரைச் சீவி இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறதா என்று சீட்டைக் கழற்றிப் பாருங்கள். பிறகு எஞ்சின் ஓடும்போதே ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முழுக்கத் திருப்புங்கள். லைட் மினுக்கினாலோ எஞ்சின் இடறினாலோ கழுத்துப் பகுதியில் மடங்கி மடங்கி வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. வெளியே தோல் நன்றாகவே இருக்கும், மழை நாளில்தான் வேலையைக் காட்டும்.

எஞ்சின் பற்றிச் சுருக்கமாக: ஹைட்ராலிக் டாப்பெட், அதாவது வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் என்பதால் டாப்பெட் செட்டிங் கிடையாது. "டாப்பெட் டைட் பண்ணித் தர்றேன்" என்கிற மெக்கானிக்குக்கு இந்த எஞ்சின் தெரியாது. ஆறிய எஞ்சினில் முதல் ஒரு நிமிடம் 'டிக் டிக்' கேட்டால் பரவாயில்லை, சூடான பிறகும் போகவில்லை என்றால் ஆயிலைப் பாருங்கள். நான்காவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் இழுக்கும்போது அடியிலிருந்து கனமாக 'தொம் தொம்' என்று வந்தால் அது கிராங்க். அந்த வண்டி வேண்டாம்.

350-க்கு இரண்டு ஸ்பார்க் ப்ளக். ஒன்று செத்தாலும் வண்டி ஓடும், இழுவை குறையும், பெட்ரோல் குடிக்கும்; பலர் மாதக்கணக்கில் தெரியாமலே ஓட்டுவார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு ப்ளக் கேப்பைக் கழற்றி, அதில் ஒரு பழைய ப்ளக்கைச் செருகி, அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடும்படி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். அடுத்த பக்கமும் அப்படியே. எந்தப் பக்கத்தைக் கழற்றும்போது ஸ்டார்ட் ஆகவே இல்லையோ, அதற்கு எதிர்ப்பக்கம் வேலை செய்யவில்லை.

'டப் டப்' சத்தத்துக்காக ஐடிலை (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) குறைத்து வைத்திருப்பார்கள். சுமார் 1,000 ஆர்பிஎம்மில் வையுங்கள். அதற்குக் கீழே ஆயில் பிரஷரும் குறையும், பேட்டரியும் சார்ஜ் ஆகாது. சில்க் போர்டு சிக்னலில் பத்து நிமிடம் நிற்கிற ஊரில் அந்தச் சத்தம் ஆடம்பரம்.

ஆயில் 15டபிள்யூ50. கம்பெனி சொல்லும் இடைவெளி எதுவாக இருந்தாலும், பெங்களூர் டிராஃபிக்கில் 4,000–5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவதே எஞ்சினுக்கு நல்லது. அளவைக் கேனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சென்டர் ஸ்டாண்டில் சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து வலதுபக்கக் கண்ணாடியில் பாருங்கள். இரண்டு குறிக்கும் நடுவில் இருந்தால் போதும். அதிகம் ஊற்றினால் பிரீதர் (எஞ்சினின் மூச்சுக்குழாய்) வழியாக ஏர் ஃபில்டர் இருக்கும் ஏர் பாக்ஸுக்குள் கக்கும். ஃபில்டர் மாற்றும்போது ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். அது மடங்கி உட்கார்ந்தால் மேலே ஹெட்டுக்குப் போக வேண்டிய ஆயில் குறையும்.

ரப்பர் சமாச்சாரம் இப்போது முன்பைவிட முக்கியம். பம்புகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது, இந்த வண்டி அதற்காகச் செய்ததில்லை. பெட்ரோல் ஹோஸ், கார்புரேட்டர் கிண்ணத்தின் ஓ-ரிங், கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு மூன்றையும் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். டயாஃப்ரமில் ஊசித்துளை விழுந்தால் ஐடில் சரியாக இருக்கும், ஆக்சிலரேட்டர் முறுக்கினால் வண்டி அழும். கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் ரப்பரை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் வெளிக்காற்று புகுந்து சைலன்சரில் வெடிச்சத்தம் வரும், எஞ்சினும் சூடாகும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மழைக்காலத்தில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி வையுங்கள். காலி டேங்க்தான் துரு பிடிக்கும்.

ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட் இந்த ஊர்ப் பள்ளங்களுக்கும் ஸ்பீட் பிரேக்கர்களுக்கும் தப்பாது. சென்டர் ஸ்டாண்டில் முன்சக்கரத்தைத் தூக்கி, இரண்டு விரலால் ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் குழியில் விழுந்ததுபோல் சிக்கி நின்றால் மாற்ற வேண்டும். பின்சக்கரத்தில் கஷ் ரப்பர் (செயின் இழுப்பின் அதிர்வை வாங்க ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்): எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹப் மட்டும் தாராளமாக ஆடிய பிறகே செயின் இழுத்தால் ரப்பர் தேய்ந்துவிட்டது. கியர் மாற்றும்போது வரும் குலுக்கலுக்குப் பாதிக் காரணம் இதுதான், செயினைத் திட்டிப் பயனில்லை. செயின் தளர்வு 25–30 மி.மீ., அதுவும் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளந்தது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மண்ணெண்ணெயால் துடைத்து 90 நம்பர் கியர் ஆயில் போதும்.

பிரேக் இரண்டும் டிஸ்க், ஏபிஎஸ் கிடையாது. ஃப்ளூயிட் டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் (டயரின் மேடுகள்) எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஐந்தாறு வயதுக்கு மேலான டயரில் மழையில் ஓட்டாதீர்கள்.

பேப்பர்: கர்நாடக வண்டியாக இருந்தால் எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், லோன் பாக்கி, போலீஸ் ஃபைன் பாக்கி, எச்எஸ்ஆர்பி (உயர்பாதுகாப்பு) நம்பர் பிளேட் ஆகியவற்றைச் சரிபார்த்து, 29, 30 படிவங்களில் பெயர் மாற்றம். நம் ஆட்கள் சறுக்குவது ஓசூரில், டிஎன் 70 என்கிற தமிழ்நாட்டுப் பதிவு வண்டியை விலை குறைவு என்று வாங்கும்போது. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் என்ஓசி (ஆட்சேபனை இல்லைச் சான்று) வாங்கி மறுபதிவு செய்து கர்நாடக வாழ்நாள் வரியையும் கட்ட வேண்டும். விலையோடு அதைக் கூட்டிப் பார்த்த பிறகு பேரம் பேசுங்கள். டெல்லியிலிருந்து மலிவாக வரும் வண்டிகளுக்கும் இதே கணக்குதான். அங்கே 15 வயதான பெட்ரோல் வண்டிக்கு இருக்கும் தடை இங்கே கிடையாது. இங்கே பதிவைப் புதுப்பித்து ஐந்தைந்து வருடமாக ஓட்டலாம்.

சேலம் ரோட்டில் 75–85 கி.மீ. வேகம் இந்த வண்டிக்குச் சுகம். 90-ஐத் தாண்டினால் அதிர்வில் சைலன்சர் போல்ட், நம்பர் பிளேட், கண்ணாடி எல்லாம் தளரும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஒரு சுற்று முடுக்குங்கள். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே மிச்சம் பிடிக்கிறேன் என்று கார்புரேட்டரை லீனாக (காற்றுக்குப் பெட்ரோல் குறைவாக) வைத்துவிட்டுத் தொப்பூர் கணவாய் இறங்கினால் காற்றின் அடர்த்தி கூடி இன்னும் லீனாகும், சூடாகும். காற்றழுத்தம் முன்னால் 20–22, பின்னால் ஆள் ஏறினால் 30–32 பிஎஸ்ஐ. பையைச் சீட்டின் கோடியில் ஏற்றிக் கட்டினால் முன்பக்கம் லேசாகித் தலையாட்டும். கனமானதை இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிடுங்கள், சைலன்சரிலிருந்து நான்கு விரல் தள்ளி.

கூடவே கொண்டுபோக வேண்டியவை: கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், இரண்டு ப்ளக், ஃப்யூஸ், செயின் லாக் (செயினின் இணைப்புக் கண்ணி), ஆக்சில் ஸ்பேனர், முன் பின் டியூப். ஸ்போக்ஸ் சக்கரம் என்பதால் டியூப்லெஸ் பஞ்சர் கிட் உதவாது. புதுக் கிளட்ச் கேபிளைப் பழையதோடு ஒட்டியே முன்கூட்டி ஓட்டி, டேப் போட்டு வைத்துவிட்டால் அறுந்த இடத்தில் இரண்டு முனையையும் மாட்டுவது மட்டும்தான் வேலை.

மைசூர் பக்கம் போகிற ஆசை இருந்தால் ஒன்று: 2023 ஆகஸ்ட் முதல் பெங்களூர்–மைசூர் நெடுஞ்சாலையின் நடுப்பாதையில் இருசக்கர வண்டிக்கு அனுமதியில்லை. சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும், நேரத்தை அதற்கேற்பக் கணக்கிட்டுக் கிளம்புங்கள்.