சித்திரை வெயிலும் குதிரைத் தீனியும்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: திருமண ஊர்வலங்களுக்குச் சாரட் இழுக்கும் நாட்டுக் குதிரை ஒன்று என்னிடம் உள்ளது, எடை சுமார் 300 கிலோ. சித்திரை, வைகாசியில் முகூர்த்தங்கள் அதிகம் என்பதால், தெம்புக்காகக் கொள்ளை நாளொன்றுக்கு 4 கிலோவாகக் கூட்டினேன். புல் விலை ஏறிவிட்டதால் வைக்கோல்தான் போடுகிறேன். சில நாட்களாக லத்தி இறுகிச் சிறு உருண்டைகளாக விழுகிறது. தண்ணீரையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?
(வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: தீனியைப் பற்றிப் பேசுமுன் அந்தத் தண்ணீரை நீங்கள் ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். கடலை ஒட்டிய உங்கள் பகுதியில் பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது உவர்ப்பு இன்னும் கூடும். அந்த நீரைக் குளிப்பாட்டப் பயன்படுத்திக்கொண்டு, குடிக்க மட்டும் லாரித் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ நிழலில் வையுங்கள். வேலை செய்யும் உங்கள் குதிரைக்கு இந்த வெயிலில் நாளொன்றுக்கு 30 முதல் 40 லிட்டர் வரை தேவைப்படும். வியர்வையில் உப்பும் வெளியேறுவதால், தண்ணீரில் கலக்காமல் தீனியில் 30 கிராம் கல்லுப்பைத் தூளாக்கிப் போடுங்கள். தாகம் எடுத்துத் தானே குடிக்கும்.

அடுத்தது கொள்ளு. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். உடல் தன் தேவைக்கு மிஞ்சிய புரதத்தைச் சிறுநீர் வழியாகத்தான் கழிக்க வேண்டும், அதற்கும் தண்ணீர் செலவாகும். விடியற்காலையில் கொட்டிலுக்குள் நுழைந்ததும் சிறுநீரின் காரநெடி மூக்கைத் துளைத்தால், கொள்ளு அதிகம் என்பதற்கு அதுவே ஓர் அடையாளம். ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் சிறிது சிறிதாக 2 கிலோவுக்கு இறக்கி, அதையும் மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஊர்வலம் இல்லாத நாட்களில் பாதி போதும். காலையில் வேகவைத்த கொள்ளு இந்த வெக்கையில் மாலைக்குள் புளித்துவிடும். அதை வீணாக்க மனமில்லாமல் இரவில் கொட்டிவிட்டு, நள்ளிரவில் வயிற்றுவலிக் குதிரையோடு வருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

குதிரைக்கு உண்மையான தெம்பு நார்த்தீனியிலிருந்துதான் வருகிறது. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் அதை நொதிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. உங்கள் குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ உலர்புல் வேண்டும். பசும்புல்லாக இருந்தால் பெரும்பகுதி நீர் என்பதால் அதைப் போல நான்கைந்து மடங்கு. வைக்கோல் மாட்டுக்குச் சரி, குதிரைக் குடலில் அது அடைத்துக்கொள்ளும். தண்ணீரும் குறைந்துவிட்டால் லத்தி இறுகுவதில் வியப்பில்லை. முன்காலால் தரையைப் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தீனியை நிறுத்திவிட்டு, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மூங்கில் குழாயால் விளக்கெண்ணெய் புகட்ட வேண்டாம். அது மூச்சுக்குழலுக்குள் போனால் நிமோனியாவில் முடியும்.

கேள்வி: வசந்தகாலப் புல்லைத் தின்றால் குதிரைக்குக் குளம்பு அழற்சி வரும் என்று வெளிநாட்டுக் காணொளி ஒன்றில் சொன்னார்கள். நான் கோ-4 புல்லும் கோதுமைத் தவிடும்தான் கொடுக்கிறேன். நிறுத்திவிடவா?
(வாசகர், மாதவரம்)

பதில்: அவர்கள் சொன்னது அவர்கள் நாட்டுக்கு முற்றிலும் உண்மை. பனிக்காலம் முழுவதும் உலர்புல் தின்ற குதிரையைத் திடீரென இளம்புல் வெளியில் விட்டால், குளிர் இரவும் வெயில் பகலும் மாறிவரும் அந்த நாட்களில் புல்லில் சேரும் ஃப்ரக்டான் என்னும் சர்க்கரை பெருங்குடலில் புளித்துக் குளம்பைப் பாதிக்கும். அறுகு, கம்பு நேப்பியர் போன்ற நம் வெப்பநிலப் புற்கள் ஃப்ரக்டானைச் சேமிப்பதில்லை. எனினும் எந்தத் தீனியையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது என்னும் விதி இங்கும் பொருந்தும். கோடைமழைக்குப் பின் தளதளவென்று எழும் புல்லுக்கும்தான்.

உங்கள் குதிரைக்கு ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கம்பு நேப்பியர் ஒட்டான கோ-4 புல்லில் உள்ள ஆக்சலேட் என்னும் பொருள், கால்சியத்தை உடலில் சேரவிடாமல் கட்டிப்போடுகிறது. தவிட்டிலோ கால்சியத்தைப் போலப் பல மடங்கு பாஸ்பரஸ். இரண்டும் மாதக்கணக்கில் சேர்ந்தால் எலும்பிலிருந்து கால்சியம் உருவப்பட்டு, நடை விறைத்து, கடைசியில் முகவெலும்பே புடைத்துவிடும். தவிட்டைப் படிப்படியாக நிறுத்திவிட்டு, கால்சியம் மிகுந்த குதிரை மசாலை நாளொன்றுக்கு மூன்று, நான்கு கிலோ பசுமையாகச் சேருங்கள். பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் அந்தத் தீவனத்தை இங்கே மாடுகளுக்குத்தான் தேடித்தேடிப் போடுகிறோம். பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகும் குதிரைக்கு மிக நல்லது. கிடைக்கும் நாட்களில் கோ-4 அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வேலை முடிந்து வந்த குதிரை மேல் உடனே குளிர்ந்த நீர் ஊற்றினால் சதை பிடித்துக்கொள்ளுமா?
(வாசகர், காசிமேடு)

பதில்: பிடிக்காது. கழுத்து, முதுகு, தொடை என உடல் முழுவதும் மூச்சு சீராகும்வரை விடாமல் ஊற்றுங்கள், குடிக்கவும் கொடுங்கள். மற்ற குதிரைகள் வியர்வையில் நனைந்து நிற்கும் வெயிலில் உங்கள் குதிரை மட்டும் வியர்க்காமல் மூச்சிரைத்தால், அது வியர்வைச் சுரப்பி செயலிழக்கும் நோயாக இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டுங்கள். வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பகுதிகளில் பகல் 12 முதல் 3 மணி வரை குதிரையை வண்டியில் பூட்டக் கூடாது என்று இழுவை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு மத்திய விதிகளே சொல்கின்றன. பகல் முகூர்த்த ஊர்வலத்துக்கு முன்பணம் வாங்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.